பட்டதும் படுத்தியதும்

'படாத பாடு பட்டேன்' என்று ஒருவர் சொன்னால் நாம் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். இந்த மூன்று சொல்லையும் ஓர் இலக்கண வாத்தியாரிடம் கொடுத்துப் பிரித்துக் காட்டச் சொன்னால் அவர் கொஞ்சம் திண்டாடுவார். படாத பாட்டை எப்படிப் பட முடியும்? பட்டுவிட்டால் அது பட்ட பாடுதானே? ஆனால் தமிழ் பேசும் யாருக்கும் இதில் சந்தேகம் வந்ததில்லை. மனுஷன் இவ்வளவுதான் படலாம் என்று எல்லோர் மனசிலும் ஒரு கோடு இருக்கிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது படாத பாடு, யாரும் படக் கூடாத பாடு. அதையும் பட்டாயிற்று என்கிறது தொடர். 'கடுமையான', 'சொல்லொணாத' என்று ஒரு அடைமொழியும் தேவைப்படவில்லை. ஒரே வினையை எதிர்மறையாக, பெயராக, இறந்தகாலமாக மூன்று முறை மடக்கிப் போட்டதிலேயே உச்சம் வந்துவிடுகிறது.

துன்பத்தைச் சொல்லத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. இடுக்கண், அல்லல், இன்னல், துயர், வாதை, உபாதை என்று அடுக்கலாம். வடக்கிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவையும் உண்டு. 'வேதனை' அப்படி வந்தது. அதன் வேருக்கு அறிதல் என்று பொருள். 'வேதம்' பிறந்ததும் அதே வேரில்தான். பௌத்தர்களுக்கு வேதனை என்பது உணர்ச்சி, அவ்வளவுதான். இன்பமானது, துன்பமானது, இரண்டும் அல்லாதது என்று அதை மூன்றாகப் பிரித்தார்கள். மணிமேகலை அதற்குத் தந்த தமிழ் 'நுகர்ச்சி'. இன்றைக்கு வேதனையில் இன்பத்துக்கு இடமில்லை. நுகர்ச்சியோ கடைத்தெருவுக்குப் போய் நுகர்வோர் ஆகிவிட்டது. 'அவஸ்தை'க்கும் இதே கதி. சைவ சித்தாந்தத்தில் அது வெறும் நிலை: நனவு ஒரு அவத்தை, கனவு ஒரு அவத்தை. கத்தோலிக்க வீடுகளில் அது சாகக் கிடக்கும் நிலையைக் குறித்தது. குருவானவர் வந்து எண்ணெய் பூசும் சடங்குக்கு 'அவஸ்தைப்பூசுதல்' என்றே பெயர். 1972இல் ரோமாபுரி அந்தச் சடங்கைத் திருத்தி, சாகிறவருக்கு மட்டுமல்ல, கடும் நோயுற்றவருக்கும் உரியது என்று ஆக்கிய பிறகு தமிழிலும் அது 'நோயில்பூசுதல்' ஆயிற்று. பழைய பெயர் இருந்தவரை சாமியார் படியேறினாலே வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும்.

இவையெல்லாம் நல்ல சொற்கள்தான். ஆனாலும் 'பாடு' இருக்கும் உயரத்துக்கு இவற்றில் எதுவும் வராது என்பது என் கட்சி. காரணம் அதன் தாய்வினை.

ஞாயிறு படும். மரம் பட்டுப்போகும். கை படும், காற்றுப் படும், கறை படும், கண்ணும் படும். வலையில் மீன் படும். அம்பு பட்டு ஆள் படுவான். செங்கம் வட்டாரத்து நடுகற்களில், பல்லவர் காலத்து வட்டெழுத்தில், ஆநிரை கவரும் சண்டையில் இன்ன ஊரில் இன்னான் 'பட்டான்' என்று வெட்டியிருக்கிறார்கள். செத்தான் என்றோ மாண்டான் என்றோ இல்லை. ஏதோ ஒன்று வந்து நம் மேல் விழுகிறது, அல்லது நிமிர்ந்து நின்றது கீழே சாய்கிறது. இந்த இரண்டு அசைவும் 'படு'வுக்குள் அடக்கம். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் 'பாடு' என்ற பதிவைப் பார்த்தால் நிகழ்ச்சி, அனுபவம், உழைப்பு, வருத்தம், ஓசை, தூக்கம், சாவு, பெருமை, பக்கம் என்று ஒன்றோடொன்று ஒட்டாதவை போலத் தோன்றும் பொருள்கள் வரிசையாக வருகின்றன. கலித்தொகையில் அது உலக வழக்கத்தைக் குறிக்கிறது. இத்தனையும் ஒரு சொல்லா என்று மலைக்க வேண்டாம். விழுவதும், நிகழ்வதும், நேர்ந்ததைத் தாங்குவதும் இந்த மொழியில் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாவின் கடைசியில் படுகளம் நடக்கும். களிமண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், பத்து ஆள் நீளத்துக்கு. பீமன் வேஷம் கட்டியவர் தொடையில் அடிப்பார். அங்கே புதைத்து வைத்திருக்கும் செந்நீரைத் தொட்டுப் பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். மணப்பாறைப் பக்கம் வீரப்பூரில் பொன்னர் சங்கர் கதைக்கு நடக்கும் படுகளத்தில் மண்பொம்மை கிடையாது; அருள் வந்த ஆட்களே சாய்ந்து கிடப்பார்கள், பிறகு அவர்களை எழுப்புவார்கள். 'படு' என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள அகராதியைவிட அந்த இரண்டு களங்களும் நல்ல இடம்.

இன்னொன்று. தமிழில் துன்பம் மட்டுமா படுகிறோம்? ஆசைப்படுகிறோம், வெட்கப்படுகிறோம், பெருமைப்படுகிறோம், சந்தோஷம்கூடப் படுகிறோம். தொல்காப்பியர் எட்டு உணர்ச்சிகளை வைத்து அவற்றுக்குத் தந்த பொதுப்பெயர் மெய்ப்பாடு. அதில் அழுகையும் அச்சமும் மட்டுமல்ல, நகையும் உவகையும் உண்டு. சிரிப்பும்கூட நாம் செய்வதல்ல, உடம்பில் வந்து படுவது.

ஐரோப்பாவிலிருந்து வந்த பாதிரிமாருக்கு இது தோதாக அமைந்துவிட்டது. இயேசு பட்டதற்கு லத்தீனில் 'பாஸ்ஸியோ' என்பார்கள். தன் மேல் வந்ததற்கு ஆட்படுதல் என்பதே அதன் அடிப்படைப் பொருள். தமிழில் அதற்குப் 'பாடுகள்' கிடைத்தது. விசுவாசப் பிரமாணத்தில் பிலாத்துவின் பெயரை ஒட்டி வரும் வினை 'பாடுபட்டு'. வீட்டுச் சுவரில் தொங்கும் சிலுவை உருவத்துக்குப் பழைய கத்தோலிக்கர் சொல்லும் பெயர் 'பாடுபட்ட சுரூபம்'. மதமாற்றத்தின் தொடக்கக் களங்களில் ஒன்றான முத்துக்குளித்துறைக் கரையில்தான் அண்ட்ரிக் அடிகளார் தமிழ் கற்றார்; 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் ஆக்கியது. 'பாடு' என்ற சொல்லைத் தேர்ந்தவர் அவரா, வேறு யாருமா என்பது இங்கே முக்கியமில்லை. அந்தக் கரையில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு வாழ்க்கை இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

கடற்கரையில் பாடு என்றால் மீன்வரத்து. 'மீன்பாடு குறைவு' என்று தூத்துக்குடிச் செய்திகளில் இன்றும் வரும். பழவேற்காடு ஏரியில் எந்த ஊர், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்று பரம்பரையாகப் பங்கிட்டுக்கொள்ளும் முறைக்கே பாடு என்று பெயர். ஈழத்தில் கரைவலை இழுக்கும் கடல்பகுதி பாடு. கிளிநொச்சி மாவட்டத்தில் வலைப்பாடு என்றே ஒரு மீனவர் ஊர் இருக்கிறது. கரைவலை இழுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இந்தச் சொல் எப்படி இரண்டு வேலையும் செய்கிறது என்று புரியும். இரண்டு வரிசையாக ஆட்கள் கயிற்றை இடுப்பில் கொடுத்துப் பின்பக்கமாக நடப்பார்கள். குதிகால் மணலில் புதையும். வரிசையின் கடைசி ஆள் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்து தண்ணீர் ஓரத்தில் மறுபடி பிடிப்பார். வெயில் ஏறுகிற வரைக்கும் இதேதான். மடி கரைக்கு வரும்போது அலுமினியக் கூடையோடு பெண்கள் குனிந்து பார்ப்பார்கள். அப்படி ஒரு காலையில், மடியில் சொறியும் நாலு காரல்பொடியும் மட்டும் கிடந்தபோது, 'எப்படிண்ணே?' என்று கேட்ட பெண்ணுக்கு இழுத்து முடித்தவர் சொன்ன பதில்: 'பட்ட பாடுதான் மிச்சம், மீன்பாடு இல்ல.' சிலேடை என்று நினைத்து அவர் சொல்லவில்லை. அவருக்கு அது வரவு செலவுக் கணக்கு.

உழைப்பு, வேதனை, விளைச்சல் மூன்றையும் ஒரே சொல்லில் போட்டு வைத்திருப்பதை மொழியின் ஏழ்மை என்று சொல்கிறவர்கள் உண்டு. பாடுபடுகிறவர்களின் வாழ்க்கையில் அவை தனித்தனியாக வருவதில்லை என்பதுதான் விஷயம். பாட்டை ஆளுகிறவன் பாட்டாளி. இதற்கு இணையான ஐரோப்பியச் சொல் அதன் லத்தீன் மூலத்தில் 'பிள்ளைகளைத் தவிர வேறு சொத்து இல்லாதவன்' என்று பொருள் தரும்; தமிழ் அவனை அவன் செய்கிற வேலையாலும் படுகிற துன்பத்தாலும் அழைத்தது. அன்றாடப்பாடு, வயிற்றுப்பாடு, 'அது அவன் பாடு', 'நான் என்பாட்டுக்குப் போய்க்கிட்டிருந்தேன்' எல்லாம் இந்தக் குடும்பம்தான். பெண்களுக்கு அளவுக்கு மீறிப் போகும் உதிரப்போக்குக்குச் சித்த மருத்துவம் வைத்த பெயர் பெரும்பாடு. பன்னிரண்டு வருஷம் அதனால் அவதிப்பட்டு இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்ட பெண்ணைப் பழைய தமிழ் வேதாகமமும் அந்தச் சொல்லால்தான் குறிக்கிறது. அப்புறம் பட்டறிவு. 'வேதனை'யில் அறிவு கடைசியில் வலியாக முடிந்தது. 'பட்டறிவி'ல் பட்டதுதான் அறிவாக முளைத்தது.

இந்த இடத்தில் 'வலி'யைப் பற்றிப் பேசியாக வேண்டும். குறளில் வலி என்றால் பலம். வலியறிதல் என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. இழுப்பு, வலிப்பு என்ற பக்கமாக வந்து அது இன்றைய பொருளுக்கு இடம்பெயர்ந்திருக்க வேண்டும். ஈழத்தில் இன்றும் கால் வலிப்பதில்லை, நோகிறது. எப்படியோ, தமிழ்நாட்டில் வலி வந்து உட்கார்ந்துவிட்டது. உடம்பின் வலியைச் சொல்ல நம்மிடம் அற்புதமான வினைகள் இருக்கின்றன. தலை விண்விண் என்று தெறிக்கும், மூட்டு குடையும், கெண்டைக்கால் கடுக்கும், வயிறு சுருட்டிப் பிடிக்கும், விலா சுருக்கென்று குத்தும், புண் காந்தும். வலியைச் சொல்லும் சொற்களைச் சேகரித்து 1975இல் கனடாவில் ரொனால்ட் மெல்சாக் ஒரு வினாப்பட்டியல் வெளியிட்டார். 78 சொற்கள், 20 தொகுதிகள். தமிழில் ஒரு கிராமத்துப் பாட்டியை உட்கார வைத்துக் கேட்டால் அதில் பெரும்பகுதி தேறிவிடும்.

அரசு மருத்துவமனை ஒன்றின் புற்றுநோய்ப் பிரிவில் ஒரு பாட்டியைப் பார்த்தேன். செவிலியர் கையில் முகங்கள் வரைந்த அட்டை இருந்தது: சிரிக்கும் முகம் சுழியம், அழும் முகம் பத்து. குழந்தைகளுக்காக அமெரிக்காவில் உருவாக்கியது, இப்போது உலகம் முழுக்கப் பெரியவர்களிடமும் நீட்டுகிறார்கள்.

'ஆத்தா, வலி எவ்வளவு இருக்கு? பத்துக்குள்ள சொல்லுங்க.'

'வலியா?' பாட்டி அட்டையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். 'வலி கெடக்கட்டும் தாயி, நாலுன்னு போட்டுக்க. நான் படுற பாட்டைக் கேட்டியன்னா ஒனக்குப் பத்து பத்தாது.'

செவிலியர் நாலு என்று எழுதினார். எழுதிவிட்டுப் போய்விடவில்லை, அது அவருடைய நல்ல குணம். கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். பாட்டி சொன்னார்: மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில், லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள். கூட வந்திருக்கும் மருமகள் நூறுநாள் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு வெள்ளாடு விற்றாயிற்று, மூன்றாவது சினை. ராத்திரி மூத்திரத்துக்கு அந்தப் பெண்ணை எழுப்ப நாக்கு எழவில்லை, பொறுத்துக்கொண்டு கிடக்கிறேன். இதில் எதை அட்டையில் குறிப்பது?

லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார் இதே கேள்விக்கு ஆயுளைக் கொடுத்தார். தாதியாக இருந்து, மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, அப்புறம் மருத்துவமும் படித்தவர். 1967இல் இறுதிக்கால நோயாளிகளுக்கென்று செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கியவர். முதுகில் ஆரம்பித்தது, இப்போது தன்னில் எல்லாமே கெட்டுவிட்டது போலிருக்கிறது என்று ஒரு நோயாளி சொன்னதைக் கேட்டு, உடம்பு, மனசு, குடும்பம், காசு, கடவுள் எல்லாம் சேர்ந்த துன்பத்துக்கு 'முழு வலி' என்று பொருள்படும் ஒரு பெயரை 1960களில் வைத்தார். வலிதணிப்பு மருத்துவத்தின் அடிக்கல் அந்தக் கருத்து. தமிழில் பாடநூல் எழுதுகிறவர்கள் அதை 'ஒட்டுமொத்த வலி' என்றெல்லாம் பெயர்க்கத் தேவையில்லை. அந்தப் பாட்டி சொன்ன சொல்லையே போட்டுக்கொள்ளலாம்.

மருத்துவம் வலி என்று சொன்னால் எனக்குப் புகார் இல்லை. மாத்திரையின் அளவைத் தீர்மானிக்க எண் வேண்டும். இலக்கியம் சொல்வதுதான் பிடிக்கவில்லை. இப்போது எந்த மதிப்புரையைப் புரட்டினாலும் 'விளிம்புநிலை மக்களின் வலியைப் பேசும் நாவல்', 'வலி மிகுந்த வரிகள்', 'வலிகளின் தொகுப்பு'. சினிமாக்காரர்கள் மேடையில் 'இந்தப் படம் ஒரு வலி' என்கிறார்கள். வலி தோலுக்கு உள்ளே நடப்பது. அதில் இன்னொருவர் இல்லை, வேலை இல்லை, கூலி இல்லை. வாசகர் அதைத் தொட்டு 'ஐயோ' என்று சொல்லிவிட்டு நகரலாம். பாட்டை அப்படித் தொட்டுவிட்டு நகர முடியாது. 'என்ன பாடு பட்டாங்க தெரியுமா' என்று தொடங்கினால் எங்கே, எப்போது, எத்தனை நாள், யார் கையால் என்று கதை விரிந்தே ஆக வேண்டும்.

யார் கையால் என்றேன். 'பாடு' என்ற சொல்லின் பெரிய குறையும் அங்கேதான். அது மழை போல மேலிருந்து விழுகிறது. அனுப்பியவர் முகவரி இல்லை. நம் எழுத்துத் தமிழின் செயப்பாட்டுவினை முழுக்க இந்த 'படு'வின் மேல் நிற்கிறது. தாக்கப்பட்டார், கைது செய்யப்பட்டனர், அப்புறப்படுத்தப்பட்டனர். காவல்துறைச் செய்திக்குறிப்பு எழுதுகிறவர்களுக்கு இதைவிட வசதியான இலக்கணம் உலகத்தில் கிடைக்காது. பேச்சுத்தமிழ் இந்த வலையில் விழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தெருவில் யாரும் 'அவன் வெட்டப்பட்டான்' என்று கத்துவதில்லை; 'வெட்டிட்டாங்க' என்றுதான் கத்துவார்கள். பெயர் தெரியாவிட்டாலும் அந்த 'ஆங்க'வில் ஆட்கள் நிற்கிறார்கள்.

அடுக்களைத் தமிழ் அதைவிடத் தெளிவு. 'பாடாப் படுத்துறா', 'பிள்ளையப் போட்டு இந்தப் பாடு படுத்தாத', 'என்னைய ஏன்யா இப்படிப் படுத்துற?' பாடு தானாக விழவில்லை. ஒருவர் படுத்துகிறார், இன்னொருவர் படுகிறார். இரண்டு பேரும் ஒரே வாக்கியத்துக்குள் நிற்கிறார்கள், முகத்துக்கு நேராக. மாமியார் மருமகள் சண்டையில் புழங்குவதால் இதை இலக்கியத் தகுதி இல்லாத பேச்சு என்று ஒதுக்கிவிட்டோம். சொல்லின் குறைக்கு மருந்து சொல்லுக்குள்ளேயே, 'படுத்து' என்ற பிறவினையில், இருந்தது.

கீழத்தஞ்சையின் பண்ணையாட்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். சாணிப்பால், சவுக்கடி என்று அங்கே தண்டனைகளுக்குப் பெயர் இருந்தது. கொடுக்கிறவர் யார் என்பதும் ஊருக்கே தெரியும். 1940களில் அங்கே போன கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் செய்த முதல் காரியம் பாட்டை விதி என்று எண்ணுவதை நிறுத்தச் சொன்னதுதான். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட தகராறின் முடிவில், ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் தீயில் செத்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 'எரிக்கப்பட்டார்கள்' என்று எழுதினால் வாக்கியம் இலக்கணப்படி முடிந்துவிடும். பண்ணையாரின் ஆட்கள் வெளியே நின்று கொளுத்தினார்கள் என்பது அந்த வாக்கியத்துக்கு வெளியிலேயே நின்றுவிடும். இந்த நிகழ்ச்சியை வைத்து எழுதிய 'குருதிப்புனல்' நாவலில் இந்திரா பார்த்தசாரதி படுத்தியவரைத் தேடித்தான் போனார். அந்தத் துணிச்சலுக்கு நான் மரியாதை செய்கிறேன். ஆனால் விடையைக் களத்துமேட்டில் தேடாமல் பண்ணையாரின் ஆண்மைக் குறைவில் தேடினார். அதற்கு அன்றே எதிர்ப்பு வந்தது, நியாயமான எதிர்ப்புதான். நெல்லையும் நிலத்தையும் விட்டுவிட்டுப் படுக்கையறைக்குப் போனால் அது தனியொருவரின் வலியாகிவிடுகிறது, இந்த முறை படுத்தியவரின் வலி.

அதிசயமாக, தமிழ்நாட்டு அரசியல் தமிழ் ஓர் இடத்தில் இலக்கியத் தமிழைவிட விவரமாக நடந்துகொண்டது. பின்தங்கியவர், தாழ்ந்தவர் என்று எளிதாகச் சொல்லியிருக்கலாம். 'பிற்பட்டோர்' என்பதும் ஒரு காலத்தில் புழங்கியதுதான். அது போதாது என்று 'பிற்படுத்தப்பட்டோர்', 'தாழ்த்தப்பட்டோர்' என்று வைத்தார்கள். 1989இல் பிரித்த தனிப்பட்டியலும் 'மிகவும் பிற்படுத்தப்பட்டோர்' ஆயிற்று. வாயில் நுழையாத நீளம்தான். ஆனால் அந்தச் சொல்லுக்குள் 'படுத்து'வும் இருக்கிறது, 'பட்ட'தும் இருக்கிறது. யாரோ செய்தது இது என்று சாதிச் சான்றிதழே ஒப்புக்கொள்கிறது. யார் என்று சொல்லவில்லை. அதை அரசாங்கத்திடம் எதிர்பார்ப்பது பேராசை.

எழுத்தாளர்களிடம் எதிர்பார்க்கலாம், மதிப்புரை எழுதுகிறவர்களிடம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அடுத்த முறை ஒரு நாவலைப் படித்துவிட்டு 'வலியைப் பேசுகிறது' என்று எழுதக் கை போனால், அந்த வரியை அடித்துவிட்டு, இதில் யார் யாரை எதற்காகப் படுத்துகிறார்கள் என்று ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். ஆளும் ஊரும் கூலியும் வராமல் பத்தி நொண்டினால், நாவலாசிரியர் அந்த வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம். அதை அப்படியே அச்சில் போடுங்கள்.